துக்கத்தால் சபை மாறியவள் அல்ல நான்

பிள்ளை செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துப் போய் நான் சபை மாறிவிட்டதாக எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது என் காதில் விழும்படியே சொல்வார்கள். முதலில் பாவம் என்பார்கள். அப்புறம், நல்ல கற்கோயிலை விட்டுவிட்டு அட்டைக் கொட்டகைக்குப் போய் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்பார்கள். கடைசியில், அந்தக் கொட்டகைக்காரர்கள் ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று முடிப்பார்கள். என்னை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. நான் கோபத்தோடு எழுந்து, என் காலாலேயே நடந்து போனேன். துக்கம் வேறு, கோபம் வேறு. எனக்கு இரண்டும் இருந்தன. எது என்னை வெளியே கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில். எங்கள் தெருவே கிறிஸ்தவத் தெரு. தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள், மூன்று தலைமுறைக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் பின்னல் மிஷின் ஓட்டினார். நான் பத்தாவது வரை படித்திருந்ததால் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். தைத்து வரும் பீஸ்களைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில். வீட்டுக்காரரின் அப்பா அந்தக் கோயில் மதிலுக்குக் கல் சுமந்தவர். வெள்ளைக்காரர்கள் காலத்துக் கட்டடம், உயரமான ஜன்னல், மணிக்கூண்டு. அதன் பின்னால் கல்லறைத் தோட்டம்.

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். எண்பதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு புது ஐயர் வந்தார். சின்ன வயது. பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்துவிட்டு வெளிநாடும் போய் வந்தவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல என்னால் முடியாது, அதுதான் என் கோபத்துக்கே எண்ணெய். எங்கள் ஊரில் டீக்கடைக்காரர் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார். இந்த ஐயர் அங்கே போய், எனக்கும் அந்தத் தனி டம்ளரிலேயே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, கடை வாசலில் நின்று எல்லாரும் பார்க்கக் குடித்தார். கூலி கேட்டுப் பனியன் கம்பெனிகளில் வேலை நிறுத்தம் நடந்தபோது கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றச் செய்தார். சபைக் கமிட்டியில் இரண்டு கம்பெனி முதலாளிகள் இருந்தார்கள். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை அவர் சட்டை செய்யவில்லை.

அவர்தான் என்னைப் படிக்கச் சொன்னவர். ஆராதனையில் வேத பாடம் வாசிப்பது அதுவரை ஆண்கள் வேலை. அதிலும் வசதியான வீட்டு ஆண்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என்னை நிறுத்தி, அடுத்த வாரம் நீங்கள் வாசியுங்கள் என்றார். செக்கிங் வேலைக்காரி வாசிப்பதா என்று கமிட்டிச் செயலாளர் கேட்டாராம். ஐயர் விடவில்லை. நான் வாசித்தேன். முதல் தடவை வரி தவறி ஒரு வசனத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பழகிவிட்டது. என் மகள் முதல் பெஞ்சில் ஏறி நின்று, நான் வாசிக்க வாசிக்க அவளும் வாயை அசைப்பாள். இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். முன்பல் விழுந்து, ஓட்டை வாயோடு எந்தப் பாட்டையும் தப்பான வார்த்தைகளோடு சத்தமாகப் பாடுவாள்.

ஐயருடைய பிரசங்கம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. ஐந்து அப்பத்தை ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிட்டது எப்படி? அவரவர் மடியில் மறைத்து வைத்திருந்த கட்டுச்சோற்றை வெளியே எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள், அதுதான் அற்புதம் என்பார். கடல் பிளந்தது என்றால் அங்கே நாணல் வளர்ந்த சதுப்பு நிலம் இருந்தது, ஏழைகளுக்கு வழி கிடைத்தது என்பதுதான் பொருள் என்பார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் காட்டுவேன். என் அறிவு வளர்வதாக எனக்கு ஒரு பெருமிதம். எந்த அற்புதமும் எனக்குத் தேவைப்படாத காலம் அது.

ஒரு ஐப்பசி மழையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து டாக்டர் ஊசி போட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. விடிகாலையில் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஐயர் வீட்டுக்கு ஓடினார். ஐயர் பனியனும் கைலியுமாகவே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மழையில் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஐயர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். மருந்து வாங்கி வர ஓடினார், எனக்கு இட்லி வாங்கி வந்து கெஞ்சினார். மகள் கண் விழிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது அவள் என் மடியில் இருந்தாள், வெள்ளைத் துணியில். அவிநாசி தாண்டும் முன்பு ஐயர் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய் இல்லை.

அடக்கம் முடிந்த சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார். கல்லறையில் அவர் பேசியது என் காதில் அரைகுறையாக விழுந்திருந்தது. குழந்தைகள் இப்படிச் சாகாத ஓர் உலகத்தை நாம் உண்டாக்க வேண்டும், அதுவே உயிர்த்தெழுதல் என்று ஏதோ சொன்னார். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. ஆகையால் கேட்டேன்.

"ஐயா, எம்பொண்ணு எந்திரிப்பாளுங்களா?"

"உங்க நினைவுல, எங்க எல்லாருடைய அன்புல அவ எப்பவும் வாழ்ந்துட்டுத்தாம்மா இருப்பா."

"நெனப்பைக் கேக்கலீங்க. எம்பொண்ணைக் கேட்டேன். அந்தக் கை, அந்தக் காலோட எந்திரிப்பாளான்னு கேட்டேனுங்க."

"அதை அப்படி நேரடியா எடுத்துக்கக் கூடாதும்மா. அது ஒரு உருவகம்."

உருவகம் எனக்குத் தெரியும். பத்தாவது தமிழ்ப் பாடத்தில் இருந்தது. முகத்தை மதி என்று சொன்னால் உருவகம். நிஜத்தில் அங்கே நிலாவும் இல்லை ஒன்றும் இல்லை, முகம்தான் இருக்கும். அப்படியானால் என் மகள் விஷயத்தில் என்ன இருக்கிறது? மண் இருக்கிறது. அதைத்தான் இவர் இவ்வளவு பதமாகச் சொல்கிறார் என்று புரிந்தபோது என் உடம்பெல்லாம் தீப்பிடித்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று சிலர் அவருக்காக வாதாடுவார்கள். சரி, பொய் சொல்லத் தெரியாதவர், ஒவ்வொரு ஞாயிறும் அங்கி மாட்டிக்கொண்டு, மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று எங்களை எழுந்து நிற்கவைத்து ஏன் சொல்லவைத்தார்? சுகமாக இருக்கும்வரை சொல்லவைத்துவிட்டு, சவம் வந்து படுத்த பிறகா அது உருவகம் என்று சொல்வது?

நான் அப்போதே நின்றுவிடவில்லை. மாதக்கணக்கில் போய்க்கொண்டுதான் இருந்தேன். மகள் அந்த வளாகத்தில்தான் இருந்தாள். ஈஸ்டர் வந்தது. வாசிப்பது உங்கள் முறை, முடியுமா, இல்லை வேறு யாரையாவது வைக்கட்டுமா என்று ஐயர் கேட்டார். முடியும் என்றேன். பெண்கள் விடியற்காலையில் கல்லறைக்குப் போய், கல் புரண்டு கிடப்பதைப் பார்க்கும் பகுதி. தடங்கலில்லாமல் வாசித்தேன். முன் பெஞ்சைப் பார்க்கவில்லை. வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

ஐயர் பிரசங்க மேடை ஏறினார். அந்தக் கல்லறை காலியாக இருந்ததா இல்லையா என்பதல்ல முக்கியம் என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று யோசித்து எழவில்லை.

"முக்கியமில்லீன்னா, அதை எதுக்குங்க ஐயா என்னைப் படிக்கச் சொன்னீங்க?"

கமிட்டிச் செயலாளர் பின்னால் திரும்பி, "அம்மிணி, உக்காரு" என்றார். ஐயர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் வெளுத்திருந்தது. நான் பதிலுக்குக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். அவர் ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். சொல்லாததால் நடு வழியில் நடந்து வெளியே வந்துவிட்டேன். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எழவில்லை. ஆராதனை முழுவதும் முடிந்த பிறகுதான், மகளுக்கு இளையவனான எங்கள் மகனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நான் வாசலில் விட்டுவந்த செருப்பை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அவரோடு பல நாள் பேசவில்லை.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து, மன்னிப்புக் கேட்டுவிடு, ஐயர் பெரிய மனசுக்காரர் என்றார்கள். அவர்களில் ஒருத்திகூட நான் கேட்ட கேள்வி சரியா தப்பா என்று பேசவில்லை. கோயிலில் எழுந்து பேசியது தப்பு, அவ்வளவுதான் அவர்களுக்கு. கோபத்தில் அவர்களுக்குக் காப்பிகூடப் போடவில்லை. கடைசியில் ஐயரே வந்தார். வாக்குவாதம் செய்யவில்லை. தான் படித்ததை, யோசித்ததை எனக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினார். பிறகு, நீங்கள் உண்மையில் கடவுள்மேல் கோபமாக இருக்கிறீர்கள், அது இயல்புதான், அதை என்மேல் காட்டுகிறீர்கள் என்றார்.

"எங்கோவம் யாரு மேலன்னு எனக்குத் தெரியுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரும் மகனும் கோயிலுக்குப் போவார்கள். நான் துணி துவைப்பேன். கம்பெனியில் என் பக்கத்து மேசையில் வேலை செய்த பெண் என் நிலைமையைப் பார்த்துவிட்டு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய பந்தல். மைக் அலறியது. ஜெபம் செய்துகொள்ள வரிசையில் போய் நின்றேன். அந்தப் பிரசங்கியார் என் தலையில் கை வைத்து, என்ன வேண்டும் என்றார். மகள் இறந்ததைச் சொன்னேன். உங்கள் வீட்டில் ஒரு பாவம் இருந்திருக்கிறது, விசுவாசம் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றார். அவர் கையைத் தட்டிவிட்டேன். பந்தலை விட்டு வெளியே வரும்போது, கல்வாரி மலைச் சிலுவையைப் பற்றி ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் பிள்ளையை உருவகம் ஆக்கினார். இன்னொருவர் அவளை எனக்குத் தண்டனை ஆக்கினார். ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு எவ்வளவு பேசுகிறார்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

எங்கள் செக்கிங்கில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். நகை போட மாட்டாள், பூ வைக்க மாட்டாள், சாப்பிடும் முன்பு டிபன் பாக்ஸுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். அவளை எல்லாரும் கேலி செய்வோம். அவள் அம்மா இறந்துபோனாள். கூட வேலை செய்பவள் என்ற முறையில் நானும் துக்கத்துக்குப் போனேன். அவர்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. ஊருக்குப் பொதுவான சுடுகாட்டில் ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் புதைத்தார்கள். பக்கத்தில் நொய்யல் ஆற்றில் அன்றைக்குச் சாயப்பட்டறைத் தண்ணீர் ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சபையை நடத்தும் மூப்பர் ஒருவர் குழி அருகே நின்று பேசினார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் தெற்கத்திக்காரர். ஒல்லியான ஆள், சிரிக்காத முகம். அழகாகவெல்லாம் பேசவில்லை. அழுத பெண்ணைத் தேற்றவும் இல்லை. "இந்தச் சரீரம்தான் எந்திக்கும். வேற சரீரம் இல்ல, இதே சரீரம்" என்று சொல்லி, குழியைக் கையால் காட்டினார். ரயில் இத்தனை மணிக்கு வரும் என்று பயணிகளுக்குச் சொல்கிற குரல். என் கால் அப்படியே நின்றுவிட்டது. மண் தள்ளி முடித்து எல்லாரும் போகும்போது நான் அவரிடம் போனேன். என் மகளைப் பற்றிச் சொன்னேன். எந்திரிப்பாளா என்று கேட்டேன்.

"எந்திப்பா" என்றார்.

அவ்வளவுதான். எப்படி, எங்கே, என்ன அர்த்தத்தில் என்று ஒன்றும் இல்லை. நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து, பிள்ளை போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். அவர் தள்ளி நின்றுகொண்டு, இந்த அம்மாவுக்குத் தண்ணி குடுங்க என்று யாரிடமோ சொன்னார்.

காங்கேயம் ரோட்டில் ஒரு வேஸ்ட் துணி குடோனுக்குப் பின்னால் இருந்தது அவர்கள் சபை. சிமெண்ட் அட்டைக் கூரை, சாணி மெழுகிய தரை. மணி இல்லை, அங்கி இல்லை, ஆர்கன் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் முக்காடு போட வேண்டும். மூப்பரின் பிரசங்கம் சுத்த அறுவை. மோசே காலத்து ஆசரிப்புக் கூடாரத்தின் திரை எத்தனை முழம், கொக்கி எத்தனை என்று ஒரு மணி நேரம் பேசுவார். வெயிலில் அட்டை கொதிக்கும். குடோனிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வந்து தும்மலாக வரும். ஆனால் அந்தத் திரை இருந்தது என்று அவர் நம்பினார். கொக்கி இருந்தது என்று நம்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மற்றதெல்லாம் போதுமாக இல்லை. இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, இங்கே பெண்கள் வேதம் வாசிப்பது உண்டா என்று மூப்பரைக் கேட்டேன். "சபையில பொம்பளையாளு வாய் தொறக்கக் கூடாது, பார்த்துக்கிடுங்க" என்றார், அதே ரயில் குரலில். செக்கிங்காரி என்று பார்க்காமல் என்னை மேடையில் நிறுத்தியவர், வாசித்ததை நம்பவில்லை. இவர் நம்புகிறார், ஆனால் என்னை வாசிக்க விடமாட்டார். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அங்கே பாதி, இங்கே பாதி என்று கடவுள் ஏன் பிரித்து வைத்தார்? இந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார்கள், முழுக்கு ஞானஸ்நானம். நொய்யலில் முங்கினால் சாயத்தோடுதான் எழ வேண்டும். கிணறு கொடுக்கத் தோட்டக்காரர்கள் தயாரில்லை. ஆகவே பொங்கலூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விடும்வரை காத்திருந்து, அங்கே போனோம். அதற்கு முன்னால் நகைகளைக் கழற்ற வேண்டும். தோடு, வளையல் போயிற்று. தாலியும் கழற்ற வேண்டும் என்றார்கள். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, எம்பையனை உசுரோட இருக்கறப்பவே கொன்னு போட்டாளே என்று தெருவே கேட்க அழுதார். வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

"எடுத்து பீரோவுல பத்தரமா வெய்யி. நானு இருக்கறனா இல்லையாங்கறது அதுலயா இருக்குது?" என்றார்.

அன்றைக்கு வாய்க்கால் கரையில், கையில் துண்டோடு நின்றவரும் அவர்தான். நான் ஈரத்தோடு ஏறி வந்ததும் துண்டைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். கோயிலில் எழாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

செய்தி கமிட்டிக்குப் போனது. மறு ஞானஸ்நானம் எடுத்ததால் என்னைச் சபை அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துக் காவல்காரரிடம், இந்த அம்மாளுக்குக் கேட்டைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்தார்கள். கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்று என் பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மேட்டில் புல் வளர்ந்திருந்தது. அதற்கு அதுவரை கல்கூட வைக்கவில்லை. ஒரு சின்னக் கல் வைத்து, அவள் பேருக்குக் கீழே "எழுந்திருப்பாள்" என்று ஒரே ஒரு சொல் எழுத வேண்டும் என்பது என் ஆசை. வீட்டுக்காரர் அங்கத்தினர்தானே, அவர் பேரில் கேட்டுக்கொண்டார். செயலாளர் மறுத்துவிட்டார். அந்தச் சொல்லை எழுதச் சொன்னது யார் என்று தெரியும், அது எங்களைக் குத்திக்காட்ட எழுதுவது என்றாராம்.

இரண்டு கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு செயலாளருக்கும், செத்துப்போன பிள்ளைமேல் ஒரு சொல் இருப்பது குத்துகிறது. அந்தச் சொல் அவர்கள் கையில் இருக்கும் ஜெப புத்தகத்தில் இல்லையா? வாரா வாரம் அதைச் சொல்லித்தானே ஆமென் போடுகிறார்கள்? நான் செயலாளர் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கல்லுக்காகச் சண்டை போட்டது யார் தெரியுமா? ஐயர். கமிட்டிக் கூட்டத்தில், அந்தத் தாய் என்ன எழுதச் சொல்கிறாரோ அதை எழுத வேண்டும், கேட்டையும் திறக்க வேண்டும், இல்லையென்றால் நான் மாற்றல் கேட்டுப் போய்விடுகிறேன் என்று மேசையைத் தட்டியிருக்கிறார். ஏற்கெனவே அவர்மேல் கடுப்பில் இருந்தவர்கள் அவர்கள். கேட் திறந்தது, கல் வைத்தோம், அடுத்த வருஷமே அவரை நீலகிரிப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன்பு சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு.

"அந்த வார்த்தையை நீங்க நம்பலியேங்க. அப்புறம் எதுக்குங்க சண்ட போட்டீங்க?"

"நீங்க நம்பறீங்களேம்மா" என்றார்.

மற்றவர்களாக இருந்தால் இதைக் கேட்டு உருகியிருப்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நல்ல மனிதர் அதையும் நம்பித் தொலைத்திருந்தால் நான் எங்கேயும் போயிருக்க வேண்டாமே என்று வந்த ஆத்திரம். அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

கொட்டகைச் சபையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கல் வைத்ததும், நான் அடிக்கடி கல்லறைக்குப் போவதும் மூப்பர் காதுக்குப் போயிற்று. கல் வைப்பதும், கல்லறைக்குப் போய் நிற்பதும் அந்நியர் வழக்கம், வேதத்தில் இல்லை, நிறுத்திவிடுங்கள் என்று சபை முடிந்ததும் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் சொன்னார். இங்கேயுமா என்று எனக்கு வந்த கோபத்தில் முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"வேதத்துல இல்லீங்களா? மொதநாள் காலைல கல்லறைக்குப் போனது யாருங்க? பொம்பளைங்கதானுங்களே. போனதுனாலதானுங்களே அவங்க மொதல்ல பாத்தாங்க? ஆம்பளைங்க ஊட்டுக்குள்ள கதவைச் சாத்திட்டு இருந்தாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். வேதாகமத்தைத் திறந்து, நின்றுகொண்டே அந்தப் பகுதியை வாசித்தார். வாசித்துவிட்டு இன்னொரு சுவிசேஷத்தையும் புரட்டிப் பார்த்தார். பிறகு மூடினார்.

"எழுதியிருக்கு" என்றார். "போயிட்டு வாங்க."

நான் ஏன் அங்கே தங்கினேன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அந்த மனிதர் இன்றுவரை என்னை வாசிக்க விடவில்லை. என் மகன் கல்யாணத்துக்குப் பெண் பழைய சபையில் எடுத்தோம் என்பதற்காக நடத்திவைக்க வர மறுத்தார். அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் நின்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஆனால் அவரோடு சண்டை போடலாம். எழுதியிருப்பதைக் காட்டினால் அவர் கட்டுப்படுவார், எனக்குக் காட்டினால் நானும் கட்டுப்பட வேண்டும். பழைய கோயிலில் எதைக் காட்டினாலும் அதற்கு வேறொரு பொருள் இருந்தது. கையால் தண்ணீரை அடித்தது போலத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கொட்டகை போய் கான்கிரீட் கட்டடம் வந்தது. குடோன்காரரே இடத்தைக் கொடுத்துவிட்டார். மூப்பருக்குக் காது மந்தமாகிவிட்டது, பிரசங்கம் இன்னும் நீண்டது. நான் ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளுக்கு என்றால் பெண்கள் வாய் திறக்கலாமாம். அதிலும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் சொல்லித்தருகிறேன்.

வீட்டுக்காரர் பழைய கோயிலை விடவில்லை. ஞாயிறு காலையில் மொபெட்டில் என்னை முதலில் இறக்கிவிட்டு அவர் கோயிலுக்குப் போவார். எங்கள் ஆராதனை முடிய நேரமாகும் என்பதால், திரும்பி வந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியில் சாய்ந்து நிற்பார். அங்கே என்ன பிரசங்கம் என்று நான் கேட்பதில்லை. இங்கே என்ன என்று அவரும் கேட்பதில்லை. கறி எடுக்கணுமா, இல்லை ஊட்டுல இருக்கறதே போதுமா என்றுதான் கேட்பார்.